ஒளித்து வைத்த தட்டை எடு, நடுக்கூடத்தில் வை!

2025 ஜூன் 16, சிகாகோ. லிரிக் ஓப்பரா அரங்கம். அமெரிக்கச் சமையல் உலகம் வருடத்துக்கு ஒருமுறை கூடுகிற இரவு. நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல்காரர் என்று ஒரு பெயரை அறிவிக்கிறார்கள். எழுந்து நடந்து வருகிறவரின் இடுப்பில் வேட்டி. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை அவர். பெயர் விஜய் குமார். நியூயார்க் நகரத்தின் கிரீனிச் அவென்யூவில் ‘செம்ம’ என்ற உணவகத்தின் தலைமைச் சமையல்காரர்.

அவர் கையில் கொடுக்கப்பட்டது ஜேம்ஸ் பியர்டு விருது. பியர்டு 1985இல் மறைந்த அமெரிக்கச் சமையல் கலைஞர். அவர் பெயரால் 1991 முதல் இதைக் கொடுத்துவருகிறார்கள். நாட்டை 12 வட்டாரமாகப் பிரித்து வட்டாரத்துக்கு ஒரு சமையல்காரரைத் தேர்ந்தெடுப்பார்கள். நியூயார்க் மாநிலம் தனியாகவே ஒரு வட்டாரம். பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், ஜப்பானியர், கொரியர் என்று உலகத்துச் சமையல்காரர்களெல்லாம் வந்து குவிந்து போட்டி போடுகிற மண் அது. அந்த மண்ணில் அந்த வருடத்துக்கான பெயர் நத்தத்துக்காரர் பெயர்.

மேடையில் அவர் பேசியதன் சாரத்தைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பிறந்த ஒரு கறுத்த பையன் இப்படி ஓர் அரங்கத்துக்குள் வந்து நிற்க முடியும் என்று சமைக்கத் தொடங்கிய காலத்தில் தான் நினைத்ததே இல்லை என்றார். ஏழைச் சாப்பாடு, பணக்காரச் சாப்பாடு என்று ஒன்று கிடையவே கிடையாது என்றார்.

தம்பி, தங்கச்சி, இந்தச் செய்தியைப் படித்துவிட்டு ‘தமிழன்டா’ என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதே. நில். அவர் எதைச் சமைத்து அந்த மேடைக்குப் போனார் என்று கேள். அதில்தான் உனக்கும் எனக்கும் வேலை இருக்கிறது.

நத்தை. ஆமாம், வயல் நத்தை.

மழை விட்ட பிறகு வரப்பிலும் வாய்க்காலிலும் ஊர்ந்து வருமே, அதே நத்தை. சின்ன வயதில் வீட்டுப் பெரியவர்களோடு வயலுக்குப் போய்ப் பொறுக்கி வந்து, வீட்டில் சமைத்துச் சாப்பிட்டவர் விஜய் குமார். ஆனால் அதைப் பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகளிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். நத்தை தின்கிற வீடு என்று தெரிந்தால் என்ன பேசுவார்களோ என்கிற கூச்சம். பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு கேட்டரிங் படிக்கப் போன இடத்தில்தான், பிரான்ஸ் நாட்டில் நத்தை எஸ்கார்கோ என்ற பெயரில் உயர்ந்த விருந்துப் பண்டம் என்று தெரிந்துகொள்கிறார்.

யோசித்துப் பார். இரண்டுமே ஓட்டுக்குள் இருக்கிற சதைதான். அங்கே வெண்ணெயும் பூண்டும் போட்டார்கள், இங்கே இஞ்சியும் புளியும் போட்டார்கள். பிறகு எப்படி ஒன்று கௌரவமாகவும் இன்னொன்று கேவலமாகவும் ஆனது? யார் வீட்டு அடுப்பு என்பதைப் பார்த்து வைத்த மதிப்பு அது. சமைத்த கையின் திறமையை யாரும் எடைபோடவே இல்லை.

அந்தத் திறமையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார். பொறுக்கி வந்த நத்தையை உடனே அடுப்பில் ஏற்ற முடியாது. ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், வயிற்றுக்குள் இருக்கிற சேற்றைக் கக்கட்டும் என்று. காலையில் கொதிக்கிற நீரில் போட்டு எடுத்து, ஊசியாலோ முள்ளாலோ சதையை ஓட்டின் வளைவோடு சுழற்றி வெளியே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் பாதி உள்ளேயே அறுந்து நின்றுவிடும். பிறகு கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து, வழுவழுப்புப் போகிறவரைக்கும் தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். விரலால் தொட்டுப் பார்த்தால் தெரியும், இன்னும் ஒரு தண்ணீர் வேண்டுமா போதுமா என்று. சின்ன வெங்காயம் வதங்கி, இடித்த இஞ்சி பூண்டின் பச்சை வாசனை போன பிறகுதான் நத்தை உள்ளே விழ வேண்டும். நேரம் தப்பினால் ரப்பராகிவிடும். புளியைக் கடைசியில், அளந்து. எந்தச் சமையல் கல்லூரிக்கும் போகாத ஒரு கிராமத்துப் பெண் இதையெல்லாம் விறகு அடுப்பின் முன்னால் குந்தியபடி செய்தாள், வயல் வேலைக்கு நடுவே. அந்தக் கைக்கு நாம் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? ‘இல்லாதப்பட்டவங்க சாப்பாடு.’

கோபம் வர வேண்டாமா? எனக்கு வருகிறது.

இந்த வெட்கத்தை உனக்குள் வைத்தது வெள்ளைக்காரன் மட்டும் என்று சொல்லித் தப்பித்துவிடாதே. எந்தத் தெருவில் எது வேகிறது என்று மோந்து பார்த்து மனிதனை எடைபோட்ட ஊர் நம் ஊர். குடல், ரத்தப் பொரியல், கருவாடு, ஈசல், நத்தை, நண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதி முத்திரை குத்தி வைத்தோம். டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரத்தில் மூடியைப் பாதி மறைத்துக்கொண்டு சாப்பிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! வாடகை வீடு கேட்டுப் போனால் ‘நீங்க என்ன சாப்பிடுவீங்க’ என்பதுதானே இன்றைக்கும் முதல் கேள்வி? அந்த ஊர்தான் இன்று சிகாகோவிலிருந்து பதக்கம் வந்ததும் கை தட்டுகிறது. தட்டட்டும், நல்லதுதான். ஆனால் இந்தக் கைதட்டல் நத்தை சமைத்த அந்தப் பாட்டிகளுக்கு என்றைக்கோ போயிருக்க வேண்டியது.

அதனால்தான் சொல்கிறேன். நீ எதை ஒளித்து வைத்திருக்கிறாயோ அதை முதலில் வெளியே எடு. சாப்பாடு என்றால் சாப்பாடு, ஊர்ப் பேச்சு என்றால் ஊர்ப் பேச்சு, அப்பா செய்கிற தொழில் என்றால் அப்பா செய்கிற தொழில். அதை ஒளிக்க நீ செலவழிக்கிற சக்தி கொஞ்சநஞ்சமா? எந்தச் சொல் வாயில் வந்துவிடுமோ, எந்த உறவுக்காரர் வாசலில் வந்து நிற்பாரோ என்று பயந்து பயந்து ஒரு வாலிபம் முழுக்கக் கரைகிறது. அந்தச் சக்தியில் பாதியைத் தொழில் கற்றுக்கொள்வதில் போட்டிருந்தால் நீ இன்று எங்கே இருந்திருப்பாய்!

அமெரிக்காவில் இந்தியச் சாப்பாட்டுக்கடை நடத்தியவர்களும் பல பத்தாண்டுகள் இப்படித்தான் ஒளித்தார்கள். எந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் அதே மெனு: பட்டர் சிக்கன், டிக்கா மசாலா, பாலக் பனீர், நான் ரொட்டி. வெங்காயமும் தக்காளியும் அரைத்த ஒரே கிரேவி பெரிய அண்டாவில் காலையிலேயே தயாராகிவிடும். க்ரீம் ஊற்றினால் ஒரு பெயர், கீரை சேர்த்தால் இன்னொரு பெயர். சமைத்தவருக்குச் சொந்த வீட்டில் வேறு சாப்பாடு. கடையில் விற்றதை அவர் வீட்டில் சாப்பிட்டதில்லை, வீட்டில் சாப்பிட்டதைக் கடையில் விற்றதில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிழைக்க வந்த நாட்டில், வாடகை கட்ட வேண்டிய முதல் தேதி நெருங்குகிற நேரத்தில், வாடிக்கையாளர் வாய்க்கு எது பழக்கமோ அதைத்தான் போட்டார்கள். குடும்பங்களைக் கரையேற்றினார்கள். ஆனால் ‘அவர்களுக்கு நம்ம சாப்பாடு பிடிக்காது’ என்று தாங்களாகவே ஒரு தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டார்கள். யாரும் கேட்காமலேயே பணிந்தார்கள். அந்த இடம்தான் எனக்கு வலிக்கிறது.

2021 அக்டோபரில் ‘செம்ம’ திறந்தது. கொரோனா எத்தனையோ கடைகளின் ஷட்டரை நிரந்தரமாக இறக்கிவிட்டிருந்த காலம். அதே கட்டடத்தில் முன்பு ‘ராஹி’ என்று இன்னொரு கடை இருந்தது. கொல்கத்தாவில் பிறந்த ரோனி மஜும்தார், மும்பைக்காரர் சிந்தன் பாண்டியா என்ற கூட்டாளிகள் தங்களுடைய அந்தக் கடையை எடுத்துவிட்டு, தென்னிந்தியக் கிராமத்துச் சாப்பாட்டுக்கென்றே ஒரு கடை வைத்து, அடுப்பை விஜய் குமார் கையில் கொடுத்தார்கள். மெனுவைப் பார்: நத்தை பிரட்டல், குடல் வறுவல், ஆட்டுக்கறி சுக்கா, முளைகட்டிய தானியம், பொடி தோசை, சீரகச் சம்பா அரிசியில் திண்டுக்கல் பிரியாணி. பட்டர் சிக்கன் கிடையாது. நான் ரொட்டி கிடையாது. பண்டத்தின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், தமிழ்ச் சொல்லாகவே அச்சாகியிருக்கின்றன. வந்து உட்காருகிற நியூயார்க்காரர் நாக்கைச் சுழற்றிக் ‘குடல் வறுவல்’ என்று சொல்லித்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். சொன்னார்கள். திரும்பத் திரும்ப வந்து சொன்னார்கள். மேசை கிடைக்கக் காத்திருந்தார்கள்.

2022 அக்டோபரில், உணவகங்களுக்குத் தரம் வைக்கிற மிஷலின் வழிகாட்டியின் நட்சத்திரம் வந்தது. 2025 ஜூனில் நியூயார்க் டைம்ஸ், நகரத்தின் சிறந்த 100 உணவகங்கள் பட்டியலில் முதல் இடத்தைச் ‘செம்ம’வுக்குக் கொடுத்தது. அதே மாதத்தில் சிகாகோ பதக்கம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் உனக்குப் பொய் சொன்னவன் ஆவேன். வெறும் பெருமிதம் யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. ‘எங்க அம்மா கைப்பக்குவம் உலகத்துலயே கிடையாது’ என்று சொல்லாத தமிழன் யார்? ஆனால் அந்த அம்மா குழம்புக்கு எத்தனை சிட்டிகை வெந்தயம் போடுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தாயா? எந்த மிளகாய், எந்தக் கடையில் வாங்கியது, எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது என்று கேட்டாயா?

விஜய் குமாருக்கு இன்ஜினியரிங் படிக்க ஆசை. குடும்பத்துக்கு ஃபீஸ் கட்ட வசதியில்லை. திருச்சியில் கேட்டரிங் படித்தார். நம் வீடுகளில் அந்தப் படிப்பை எப்படிப் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும், ‘சமையக்காரன் ஆகவா உன்னைப் பெத்தேன்’ என்பார்கள். சென்னை தாஜ் கன்னிமாரா ஹோட்டலில் வேலை பார்த்தார். கப்பலில் சமைத்தார். அமெரிக்கா போய் சான் பிரான்சிஸ்கோவில் ‘தோசா’ உணவகத்தில் நின்றார். பிறகு பர்லிங்கேம் என்ற ஊரில் ‘ரசா’வின் தலைமைச் சமையல்காரர். அங்கேயே ஒரு மிஷலின் நட்சத்திரம் வாங்கிக் காட்டினார். அதற்கெல்லாம் பிறகுதான் நியூயார்க். எத்தனை வருட உழைப்பு என்று கூட்டிப் பார்.

உணவகச் சமையலின் கஷ்டம் என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு நாள் ருசியாகச் சமைக்க யாருக்கும் வரும். விருந்தாளி வந்தால் எல்லா வீட்டிலும் குழம்பு மணக்கத்தான் செய்யும். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு, ஒரு ஆள் லீவு, ஒரு அடுப்பு ரிப்பேர், அறுபதாவது தட்டு. அந்தத் தட்டும் முதல் தட்டு மாதிரியே இருக்க வேண்டும். மிஷலின் ஆய்வாளர் யாரென்று சொல்லிக்கொண்டு வரமாட்டார். சாதாரண வாடிக்கையாளராக வந்து, காசு கொடுத்துச் சாப்பிட்டுப் போவார், திரும்பவும் வருவார். அவர் வருகிற நாளைக்கு மட்டும் ஒழுங்காக இருக்க முடியாது என்பதால் எல்லா நாளும் ஒழுங்காக இருந்தாக வேண்டும். குளிர் நாட்டில் தோசை மாவு நம் ஊர் போல ராத்திரியில் தானாகப் பொங்கி நிற்காது. சூட்டைப் பார்த்து, நேரத்தைக் கணக்கிட்டு, உளுந்தின் அளவைச் சரிசெய்து புளிக்க வைக்க வேண்டும். பாட்டி கை அறிந்ததை இந்தச் சமையல்காரர்கள் தராசிலும் தெர்மாமீட்டரிலும் பிடித்து, கூட நிற்கிற பத்து பேருக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். உன் பெருமிதத்துக்கு இந்தக் கட்டுப்பாடு வந்து சேரட்டும். பிறகு பார், உன்னை எவன் தடுப்பான்!

‘அவருக்கு முதலாளிகள் கிடைத்தார்கள், பெரிய ஊர் கிடைத்தது, எனக்கு யார் இருக்கா’ என்று உன் மனசு முனகுகிறது, எனக்குக் கேட்கிறது. அதே நியூயார்க்கில், ‘செம்ம’ இருக்கிற தெருவிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்கா இருக்கிறது. அங்கே ஒரு தள்ளுவண்டி நின்றது. வண்டிக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து போன திரு குமார். அவரைத் ‘தோசை மனிதர்’ என்றே அந்த நகரம் அழைத்தது. ஒரு கல், ஒரு கரண்டி, ஒரு மீசைச் சிரிப்பு, வண்டி முன்னால் மாணவர்களும் பேராசிரியர்களும் நின்ற வரிசை. 2007இல் நியூயார்க் தெருவோர வியாபாரிகளுக்கான வெண்டி விருதின் கோப்பை அவருக்குக் கிடைத்தது. முதலாளி இல்லை, கட்டடம் இல்லை, ஏசி இல்லை. நடைபாதையில் நின்று, பனியிலும் வெயிலிலும் தோசை வார்த்து வாங்கிய கோப்பை அது. அவரும் தன் தோசையைப் பீட்சா என்று பெயர் மாற்றி விற்கவில்லை.

இன்னொருவர் கதையையும் கேள். வட கரோலினா மாநிலத்தில் ஆஷ்வில் என்று மலைகள் சூழ்ந்த ஊர் ஒன்று. 2009இல், அமெரிக்கப் பொருளாதாரம் படுத்துக் கிடந்தபோது, மகாராஷ்டிரத்து அகமத்நகரில் வளர்ந்த மெஹர்வான் இரானி அங்கே ‘சாய் பானி’ என்று கடை திறந்தார். சமையல் கல்லூரியில் படித்தவர் இல்லை. வெள்ளைத் துணி விரித்த விருந்து மேசையைத் தேடிப் போகவில்லை, பேல்பூரியும் வடாபாவும் போட்டார். 2022இல் ஜேம்ஸ் பியர்டு அமைப்பு அந்த வருடம் நாட்டின் தலைசிறந்த உணவகம் என்று அந்தக் கடையை அறிவித்தது. நம் ரயில் நிலையத்து வாசலில் பேப்பரில் மடித்துக் கொடுக்கிற தின்பண்டம்தான்! சின்ன ஊர் என்பதும் மலிவான பண்டம் என்பதும் தடையாக இருந்திருந்தால் இரானி இன்னும் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பார்.

இப்போது உன் பக்கம் வருகிறேன்.

நீ சின்ன மெஸ் வைத்திருக்கலாம். அல்லது வைக்க ஆசைப்பட்டு, ஆரம்பிக்கப் பயந்துகொண்டிருக்கலாம். மாமியாரிடம் கற்ற கருவாட்டுக் குழம்பைத் தெருவே கேட்டு வாங்கிப் போகிற அளவுக்கு வைக்கிற கை உனக்கு இருக்கலாம், ‘இதையெல்லாம் யாரு காசு கொடுத்து வாங்குவா’ என்று நீயே சொல்லி நீயே மூடி வைத்திருக்கலாம். எந்த நீதிபதி வந்து அந்தத் தீர்ப்பை உனக்குப் படித்துக் காட்டினார்? ஒருத்தரும் இல்லை. நீயே எழுதினாய், நீயே கையெழுத்துப் போட்டாய். கிழித்துப் போடு அதை!

பதக்கத்துக்காகவும் காத்திருக்காதே. விஜய் குமாரின் நத்தை பதக்கம் வந்த இரவில் திடீரென்று ருசியாகிவிடவில்லை. நத்தத்து வயலோரத்தில் வெந்த அன்றைக்கே அது ருசியாகத்தான் இருந்தது. வட்டார விருது கொடுக்கிறவர்கள் கண்டுபிடிக்க முடிவது ஏற்கெனவே அங்கே இருப்பதைத்தான். உன் தெருவில் நாலு பேர், உன் வாசலில் நிற்கிற ஆட்டோக்காரர், சம்பள நாளில் பிள்ளைகளைக் கூட்டி வருகிற சத்துணவு அக்கா, இவர்கள் நாக்கில் நீ முதலில் ஜெயிக்க வேண்டும். இவர்களை ஏமாற்றிவிட்டுச் சிகாகோவில் ஜெயிக்க முடியாது.

இன்று ராத்திரியே வீட்டுப் பெரிய மனுஷியின் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்கார். ‘கண்ணளவுதான்டா’ என்பார், விடாதே. அவர் கை அள்ளுவதைக் கிண்ணத்தில் வாங்கித் தராசில் போட்டு எழுது. மறுநாள் நீ சமை, அவரைச் சாப்பிடச் சொல். முகம் சுளித்தால் திரும்பச் சமை. அவர் பேசாமல் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்கிறவரைக்கும் சமை. பாத்திரம் கழுவ ஆள் வைப்பதற்கு முன்னால் நீ கழுவு, தட்டில் எதை மிச்சம் வைக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். கணக்கை ஒவ்வொரு நாளும் எழுது. நல்ல கை இருந்தும் கணக்குத் தெரியாததால் மூடிய கடைகள் நம் ஊரில் ஏராளம்.

விலை விஷயத்தில் மட்டும் கூனிப்போகாதே. பாஸ்தாவுக்கு வாய் திறக்காமல் காசு எண்ணி வைக்கிறவர்கள் மட்டன் சுக்காவுக்கு மட்டும் பேரம் பேசுவார்கள். ஆடு என்ன விலை, சின்ன வெங்காயம் என்ன விலை, அதை உரிக்க எத்தனை பெண்களின் எத்தனை மணி நேரம் என்று உனக்குத் தெரியும். அந்தப் பெண்களுக்கு நியாயமான கூலி கொடுத்து, அதற்கேற்ற விலையைச் சொல். குரல் நடுங்காமல் சொல்.

உன் கடை போர்டில் ‘சைனீஸ், தந்தூரி, நார்த் இண்டியன்’ என்று எழுதி வைத்திருக்கிறாயா? உன் கையில் உண்மையாக வராத ஒன்றை அதிலிருந்து நாளைக் காலையிலேயே அழி. அந்த இடத்தில் உன் ஊர்ப் பெயரைப் போட்டு, உன் வீட்டுப் பண்டத்தின் பெயரை எட்டு வயசுப் பிள்ளையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுது. பக்கத்திலேயே விலையையும் எழுதிவிட்டு, அடுப்பைப் பற்றவை.